கருப்பனுக்கு நிஜமாகவே பசிக்கிறது

லாப்ரடார் வளர்க்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் இது நடந்துவிடும். நீங்கள் தட்டைக் கையில் வாங்கியதும் அது எதிரே வந்து உட்காரும். தாடையை உங்கள் முழங்காலில் வைத்துக்கொண்டு, பட்டினி கிடந்து பிழைத்து வந்த மாதிரி ஒரு பார்வை பார்க்கும். நீங்கள் வடையில் ஒரு துண்டைப் பிய்ப்பீர்கள். உடனே வீட்டுக்காரர், "நம்பாதீங்க, இப்பதான் சாப்பிட்டான், நடிக்கிறான்" என்பார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதும் இதுதான். இப்போது அந்த வார்த்தை எனக்கு வருவதில்லை. அவன் நடிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவனுக்குச் சோற்றைக் குறைத்துத்தான் போடுகிறேன். இந்த இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கருப்பன் எங்களிடம் வந்தது இந்தக் காலத்து மும்பை வழக்கப்படிதான். பிள்ளைகள் விமானம் ஏறுவார்கள், நாய் இங்கே நிற்கும். பவாயில் அவனை நாலு வயது வரை வளர்த்த என் நாத்தனார் மகனுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம் அத்தை, வீடு பார்த்ததும் கூட்டிக்கிறேன்" என்றான். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. வரும்போது அவனுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. அப்பா போனபிறகு திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா ஒரே வாரத்தில் அதைக் கருப்பன் ஆக்கிவிட்டாள். உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்று இருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் கேள்வி.

நாங்கள் செம்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய நாலு மாடி சொசைட்டியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கருப்பன் படியேறும்போது முதல் மாடித் திருப்பத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிடுவான். மூட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் எடை மேடையில் ஏற்றினார். 41 கிலோ. அவன் எலும்புக்கும் உயரத்துக்கும் 31 போதும் என்றார். பிறகு என் கையைப் பிடித்து அவன் விலாவில் வைத்தார். நம் புறங்கையை நீட்டி விரல் எலும்புகளின்மேல் தடவினால் எப்படித் தட்டுப்படுகிறதோ, நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டுமாம். நான் அழுத்தித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை போகும் ஓர் அளவு இருக்கிறது. நாலு, ஐந்து என்றால் சரியான உடம்பு. கருப்பனுக்கு எட்டு போட்டார்.

கணக்கையும் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நாய் சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் கலோரியைக் கண்டுபிடிக்க, எடையின் முக்கால் அடுக்கை எடுத்து 70 ஆல் பெருக்க வேண்டும். போய்ச் சேர வேண்டிய 31 கிலோவுக்கு அது 920 கலோரி சுமார். இளைக்க வேண்டிய நாய்க்கு அதையே ஒரு நாள் சாப்பாடாக வைத்துத் தொடங்குவார்களாம். பிஸ்கட், எலும்பு என்று நாம் கொடுக்கும் தின்பண்டமெல்லாம் சேர்ந்து இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 90 கலோரி. நெய் தடவிய ஒரு சப்பாத்தியே அதைத் தாண்டிவிடும். வழக்கமான சாப்பாட்டையே பாதியாக வெட்டிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அப்படிச் செய்தால் கலோரியோடு சேர்ந்து புரதமும் விட்டமினும் பாதியாகிவிடும். இளைப்பதற்கென்றே புரதமும் நாரும் கூட்டி, கொழுப்பைக் குறைத்துச் செய்த டாக் ஃபுட் இருக்கிறது, அதை அளந்து போடுங்கள் என்றார். வாரத்துக்கு உடம்பில் ஒரு சதவீதம், போனால் இரண்டு, அதற்குமேல் இறக்கக் கூடாது.

அளவு கப்பும் அம்மாவும்

அளவு கப் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே அம்மாவுக்கு அதைப் பிடிக்கவில்லை. "அளந்து போட இது என்ன ரேஷன் கடையாட்டி?" என்றாள். அவள் ஊரில் நாய் முற்றத்தைத் தாண்டி உள்ளே வராது. மிஞ்சின சோறு, மீன் முள், கஞ்சி, எது கிடைக்கிறதோ அதுதான். அந்த நாய்களுக்கு விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரியும். அதனாலேயே அம்மாவின் கண்ணுக்கு விலா தெரிகிற நாய் கவனிப்பாரில்லாத நாய். டாக்டர் விலா தட்டுப்பட வேண்டும் என்று சொன்னதை அவள் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்ட மாதிரி கேட்டுக்கொண்டாள்.

கப் வந்து பல வாரம் ஆகியும் எடை இறங்கவில்லை. ஒருமுறை அரைக் கிலோ ஏறிக்கூட இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. நான் அதே பார்வையை அம்மா பக்கம் திருப்பினேன். "முருகன் சத்தியமா நான் ஒரு வாய்க்கு மேல கொடுக்கல" என்றாள். சேடா நகர் முருகன் கோயிலுக்கு வாரம் தவறாமல் படியேறிப் போகிறவள், அவன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் ஒரு வாய் என்பது எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை வாய் என்று நானும் கேட்கவில்லை.

அந்த எரிச்சலில் ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் இந்த ஆராய்ச்சிகள் கண்ணில் பட்டன. 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலனார் ராஃபன் என்ற கால்நடை மருத்துவரும் மற்றவர்களும் லாப்ரடார்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு 'பாம்க்' என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருந்தது. பசியைத் தணித்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள மரபணு அது. 2024ல் அதே குழு இன்னும் நுணுக்கமாகப் போனது. முதலில் நாய்களுக்குப் போதும் போதும் என்கிற வரை சாப்பாடு போட்டார்கள். அதில் அந்தக் குறை உள்ள நாய்க்கும் இல்லாத நாய்க்கும் வித்தியாசம் இல்லை, எல்லாமே வாரித் தின்றன. பிறகு, காலைச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாசேஜ் துண்டை வைத்து மூடிக் காட்டினார்கள். குறை உள்ள நாய்கள் அதைத் திறக்க மற்றவற்றைவிட அதிக நேரம் மல்லுக்கட்டின. வயிறு நிறைய அவற்றுக்கு அதிகச் சாப்பாடு தேவையில்லை. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில்தான் பசி அதிகம். போதாததற்கு, இதே குறை வரும் ஃப்ளாட் கோட்டட் ரிட்ரீவர் என்ற இன நாய்களை வைத்துப் பார்த்ததில், குறை உள்ளவற்றின் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் மற்றவற்றைவிட 25 சதவீதம் சுமார் குறைவு. பசியும் அதிகம், தேவையும் குறைவு. இப்படியும் ஒரு பிறவி!

கருப்பனுக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று சோதித்தது இல்லை. ஆனால் படித்து முடித்து நிமிர்ந்தபோது அவன் எதிரே உட்கார்ந்து, என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்த காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் அவள் முகத்தில் தெரிந்த வெற்றியைப் பார்க்க வேண்டுமே. "நான்தான் சொன்னேனே, அதுக்குப் பசிக்கி." சரி என்று அடுத்த ஆராய்ச்சியை எடுத்தேன். அமெரிக்காவில் ஒரு நாய்த் தீவன நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்று தின்பதில் முக்கால் பங்கை மட்டுமே மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் பார்த்தது. 2002ல் வந்த முடிவு: குறைவாகத் தின்றவை நடுத்தரமாக 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டுவாதமும் தாமதமாகத்தான் வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதல், அதுவும் நாய்க்கு. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "பசிச்சுக்கிட்டே ரெண்டு வருஷம் கூட இருந்து அது என்னத்த செய்யப் போவுது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வராது.

சோறு போடாத வீடு

எங்கள் வீட்டில் எதையும் மாற்றியது விஞ்ஞானம் இல்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம், காம்பவுண்டில் நடந்த பேச்சுதான்.

சாயங்காலங்களில் அம்மா கீழே இறங்கி, கேட்டை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில் மற்றப் பெண்களோடு உட்காருவாள். கேட் மூடியிருப்பதால் கருப்பனை அவிழ்த்து விடுவாள். அவன் பாட்டுக்குச் சுற்றுவான், பிறகு வந்து காலடியில் படுத்துக்கொள்வான். நடைதானே, நல்லது என்று நானும் விட்டிருந்தேன். அன்றைக்கு நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து கேட்டுக்குள் நுழையும்போது, தரைத்தள வீட்டு குஜராத்தி பென், அதாவது அக்கா, கையில் அப்பளம் மாதிரி மொறுமொறுப்பான காக்ரா சப்பாத்தியில் பாதியோடு வாசலில் நின்றிருந்தார். மீதிப் பாதி கருப்பன் வாயில். அவர் அம்மாவைப் பார்த்து, குரலில் கோபமே இல்லாமல், நிஜமான அக்கறையோடு கேட்டார்: "அம்மாஜி, பேச்சாரா பூக்கா ஹை. ஆப் லோக் இஸ்கோ கானா நஹி தேத்தே க்யா?" பாவம் பசியோடு இருக்கிறானே, நீங்கள் இவனுக்குச் சாப்பாடே போடுவதில்லையா?

அம்மாவின் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டாது. ஆனால் இந்த வாக்கியம் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் காக்கா (மராத்தியில் சித்தப்பா) என்று கூப்பிடும் முதல் மாடிக்காரர், தானும் அப்படித்தான் நினைத்ததாக ஆரம்பித்தார். அவர் தத்தாத்ரேயர் பக்தர். தத்தரின் படத்தில் காலடியில் நாலு நாய் நிற்கும்; நாலு வேதம் என்பார்கள். வியாழக்கிழமை தோறும் கருப்பனுக்கு நெய் போட்ட போளி கொடுக்கிறவர், அவன் பசியைப் பார்க்கச் சகிக்காமல் மற்ற நாட்களிலும் ஒரு சப்பாத்தி கொடுக்க ஆரம்பித்திருந்தார். வாட்ச்மேன் தன் டீயில் நனைத்துப் பார்லே-ஜி கொடுப்பாராம், காலையிலும் சாயங்காலமும். அந்த பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 450 கலோரி சுமார், கால்வாசி சர்க்கரை. இது போகச் சனிக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர் பால் பாக்கெட்டை உடைத்து ஊற்றுவாராம். கறுப்பு நாய்க்கு வைத்தால் சனி தோஷம் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் கருப்பாகப் பிறந்தது அந்த வகையில் யோகம்.

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒரு சித்திரம் உருவானது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாடியில் இருக்கும் வயசான அம்மாவுக்கு முடியாது. நாய்க்கு நேரத்துக்குச் சோறு கிடைப்பதில்லை. கட்டடமே மாதக்கணக்கில் எங்கள் வீட்டைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டு, எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறது. அந்த நாயின் எடை 41 கிலோ என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவன் கண் அப்படி.

அம்மா எழுந்தாள். கருப்பனின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். படியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டம் பார்த்தவள். ஆனால் அவள் அடுப்படியிலிருந்து யாரும் பசியோடு போனதாக ஒருத்தரும் ஒரு காலத்திலும் சொன்னதில்லை. மேலே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, செம்பை வைக்கும்போதே கேட்டாள்: "ஏட்டி, அந்த ரேஷன் கப்ப எங்க வச்சிருக்க?"

மறுநாள் காலையில் அவளே வீடு வீடாகப் போனாள். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனாள், ஆனால் பேச விடவில்லை. "டாக்டர் போலா. பாஹர் கா கானா பந்த். மர் ஜாயேகா." வெளிச் சாப்பாடு கொடுத்தால் செத்துப்போவான் என்று ஒரே அடி. பயமுறுத்தல்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று நமக்குத் தெரியும், ஆனாலும் சாம்பார் சாதம் ஒரு கை வைக்காத வீடு உண்டா? உலர்ந்த திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். ஷீராவிலும் கேசரியிலும் அது இல்லாமல் பிரசாதம் இல்லை. அந்தத் திராட்சையில் விஷமாக வேலை செய்வது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு விஷ முறிவு மையத்தில் வேலை செய்யும் மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டிருக்கிறது. இதைக் கேட்டபிறகு புளியோதரை வாசனை வரும்போதெல்லாம் அம்மா கருப்பனை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறாள்.

தத்த பக்தரிடம் மட்டும் அந்த அதட்டல் எடுபடவில்லை. வியாழக்கிழமை நாய்க்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பைரவருக்கு நாய்தான் வாகனம் என்று வளர்ந்த அம்மாவுக்கும் அவரை அதற்கு மேல் அதட்ட மனசு வரவில்லை. கடைசியில் கால் போளி, நெய் இல்லாமல், வாரத்துக்கு ஒருநாள் என்று பேசி முடித்தார்கள். அது கணக்கில் கழிக்கப்படும்.

போர்ன்விட்டா டப்பா

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. காலையில் அன்றைய சாப்பாடு முழுவதையும் எடை போட்டு ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவில் கொட்டிவிடுகிறோம். இது அம்மா கண்டுபிடித்த முறை. வீட்டில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு ஆசையோடு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கொடுக்கிறவர் கை ஆசையும் தீர்கிறது, தின்கிறவன் அளவும் தாண்டுவதில்லை. டயட் சார்ட் எழுதிக் கொடுத்த டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

எனக்கு அந்த 2024 ஆராய்ச்சி இங்கேதான் உதவியது. பசி இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில்தான் என்றால், நடுவையே சின்னதாக்கிவிட்டால் என்ன? இரண்டு வேளையாகப் போட்டுக்கொண்டிருந்ததை ஐந்தாறாகப் பிரித்தோம். கிண்ணத்தில் போட்டால் இருபது நொடியில் காலி. அதையே பழைய துண்டில் தூவிச் சுருட்டி வைத்தால், மூக்கால் நோண்டி, பிரித்து, ஒவ்வொன்றாகத் தேடித் தின்ன நல்ல நேரம் எடுக்கிறது. ஜூலையில் செம்பூர் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அவனை வெளியே கூட்டிப்போகவே முடியாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பயம் வேறு. தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்தத் தண்ணீரில் இறக்க மனசு வராது. அந்த நாட்களில் இந்தத் துண்டு வேலைதான் அவனுக்கு வாக்கிங். வெள்ளரிக்காய்க்குக் கணக்கு இல்லை, அது கிட்டத்தட்ட தண்ணீர். வேகவைத்த பீன்ஸும் அப்படித்தான். கேரட் கணக்கில் சேருமா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் தகராறு.

எதிர்பாராமல் நடந்தது பயிற்சி. சும்மா எடுத்துக் கொடுத்தால் டப்பா மத்தியானமே காலியாகிவிடுகிறது என்று அம்மா ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வேலை வாங்க ஆரம்பித்தாள். உட்காரு. படு. இரு. அந்த 2016 ஆராய்ச்சியில் ஒரு தகவல் உண்டு. உடல் ஊனமுற்றவர்களுக்கு உதவப் பழக்கும் லாப்ரடார்களில் 76 சதவீதத்துக்கு அந்த மரபணுக் குறை இருந்ததாம். சாப்பாட்டுக்காக எதையும் செய்கிற நாயைப் பழக்குவது சுலபம் என்பதால், தெரியாமலே அவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களோ என்று சந்தேகிக்கிறார்கள். அம்மா அதைப் பக்கத்திலிருந்து நிரூபித்தாள். 'விடு' என்பதைச் சொல்லிக்கொடுக்க மட்டும் நான் கூட இருந்தேன். ஓர் உருண்டையைக் கைக்குள் மூடி நீட்ட வேண்டும். அவன் நக்குவான், பிராண்டுவான், முனகுவான்; ஒன்றும் சொல்லக் கூடாது. சலித்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கிற அந்த நொடியில் அடுத்த கையிலிருந்து கொடுக்க வேண்டும். மூடிய கையை விட்டால்தான் கிடைக்கும் என்று அவனுக்குச் சீக்கிரமே புரிந்தது. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் மீன் விற்கிற இடத்தை இப்போது அவனோடு தாண்டிப் போக முடிகிறது. முன்பு அது நடக்கிற காரியமா?

போன முறை எடை மேடையில் 34 காட்டியது. முதல் மாடித் திருப்பத்தில் உட்காருவது நின்றுவிட்டது, இப்போது அங்கே மூச்சு வாங்கி நிற்பது நான்தான். அழுத்தித் தேடினால் விலா எலும்பு ஒன்றிரண்டு தட்டுப்படுகிறது. அம்மா தேடுவதில்லை.

ஆனால் அவன் பார்க்கிற பார்வை ஒரு கிலோகூடக் குறையவில்லை. டப்பா காலியான பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "நடிக்கிறானா?" என்று கேட்பார்கள். "இல்லை, பசிக்கிறது" என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பசிக்கிறது என்று தெரிந்தே போடாமல் இருக்கிறாயா? ஆமாம்.

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி அனுப்பினால் அந்த மரபணுக் குறை இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை வெளிநாட்டில் இருக்கிறது. டொராண்டோக்காரன் போன வாரம் வீடியோ காலில், "எடுத்துப் பார்த்திரலாமா அத்தை, நான் பணம் கட்டறேன்" என்றான். பின்னால் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஃபோனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "அதுக்குப் பசிக்கின்னு சொல்ல அவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு? அந்தக் காசுல ஒரு டிக்கெட்ட போட்டு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு."